சோளகக் காலத்துப் பறவைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



கல்லூரியின் நூறு ஆண்டு வரலாற்றைப் பேசத் தகுதியானவர்கள் இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். எங்களிடம் செயலாளர் கேட்டது வேறு விடயம். "சனிக்கிழமை விடியத் தொப்பியும் தொலைநோக்கியுமாய் எங்கே போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் ஏழு பேர். இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒருவர் தாதி, ஒருவர் வங்கியில் வேலை, இருவர் வீட்டுப் பொறுப்பில் இருப்பவர்கள். ஆக இளையவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர். எங்களில் எவரும் பறவையியல் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். ஏழு பேருக்கும் பொதுவானது இந்தக் கல்லூரிச் சீருடையும், கடல்நீரேரிக் கரைக்குப் போகும் பழக்கமும்தான்.

பறவை பார்ப்பது என்றால் எங்கள் ஊரில் மாரிகாலத்து வேலை என்றே எண்ணம். மார்கழி, தையில் மன்னாருக்கு வான் பிடித்துப் போய்ப் பூநாரைக் கூட்டத்தோடு படம் எடுத்து வருகிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. பூநாரை அழகான பறவை, அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் நடக்கிறது. ஆனால் வைகாசியில், ஆனியில், ஆடியில் எங்கள் கரைகளில் என்ன நடக்கிறது என்று கேட்பார் குறைவு. ஒரு முறை வற்றிய கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஐயா எங்களைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார்: "பிள்ளையள், மாரியில வாங்கோ. இப்ப இங்க ஒண்டுமில்லை." அந்த நேரம் அவருடைய மாடுகளுக்கும் எங்களுக்கும் நடுவில், வெடித்த சேற்றின் மேல், ஒரு உப்புக்கொத்தி முட்டையில் இருந்தது.

இந்த "ஒண்டுமில்லை" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரி ஆழமற்றது என்பது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மழையில் நிரம்பும். பங்குனிக்குப் பிறகு வற்றத் தொடங்கும். ஆனி, ஆடியில் தொண்டைமானாற்றுப் பக்கமும் உப்பாற்றுப் பக்கமும் நாவற்குழிக் கரைகளிலும் பெரும் பரப்பு வெறும் தரையாகிவிடும். ஓரங்களில் உமரி சிவந்து கிடக்கும். பள்ளங்களில் உப்புப் பூத்து, பார்க்கக் கண் கூசும். சோளகம் எழுந்தால் வாயில் மண் கடிபடும். இந்தக் காலத்தில்தான் ஏரி "சும்மா கிடக்கிற தரவை" என்று பெயர் எடுக்கிறது. சும்மா கிடக்கிற காணி என்று பெயர் வந்தால் பிறகு அங்கே என்ன வரும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தத் தரவையில் கோடையில் மூன்று வகையான பறவைகளைக் காணலாம். முதலாவது, போகாமல் நின்றவர்கள். வடக்கேயிருந்து வரும் கரைப்பறவைகள் சித்திரைக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பெரும்பாலானவை திரும்பிவிடுகின்றன. ஆனால் முதல் ஆண்டுக் குஞ்சுகளாக இங்கே வந்தவற்றில் பல அந்தக் கோடையில் திரும்புவதில்லை. கூடு கட்டும் வயது இன்னும் வரவில்லை. அவ்வளவு தூரம் பறந்து போய் அங்கே செய்வதற்கு வேலையும் இல்லை. அதனால் மூக்கன்களும் பவளக்கால் உள்ளான்களும் கற்புரட்டிகளும் சிறு சிறு கூட்டமாக இங்கேயே தங்கி, சாம்பல் உடுப்போடு கோடையைக் கழிக்கின்றன. பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் எங்கள் தங்கச்சி இவற்றுக்கு "என்ர பட்ச்" என்று பெயர் வைத்திருக்கிறார்.

இரண்டாவது, வந்து சேர்பவர்கள். வடதுருவத்தை அண்டிய நாடுகளில் கோடை மிகக் குறுகியது. ஆனி மாதத்தில் கூடு, ஆடி முடிவதற்குள் குஞ்சு. அதோடு பயணம் தொடங்கிவிடும். ஆகவே எங்களுக்கு இன்னும் கடும் கோடையாக இருக்கும்போதே, ஓகஸ்ட் மாதத்தில், முதல் பறவைகள் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. இந்த நாட்களில் வளைமூக்கு உள்ளானைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தையில் அது சாம்பலும் வெள்ளையுமான சாதாரண குருவி. ஓகஸ்ட்டில் வரும்போது மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கும். சைபீரியத் தரையில் உடுத்திய கலியாண உடுப்பைக் கழற்ற நேரமில்லாமல் வந்ததுபோல. இந்த இனத்தில் ஆண் பறவை அடைகாப்பதில்லை. அதனால் அதுதான் முதலில் புறப்படுகிறது. பெண் குஞ்சு வளர்த்துவிட்டுப் பின்னால் வருகிறது. (இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் ஒரு சிறு சிரிப்பு எழுந்தது. காரணம் விளக்கத் தேவையில்லை.) கடைசியாக வருபவை அந்த ஆண்டுக் குஞ்சுகள். தாய் தகப்பன் முன்னமே போய்விட்ட பின், வழிகாட்ட அவர்கள் இல்லாமல், ஒருநாளும் கண்டிராத நாட்டைத் தேடி வருகின்றன. கூட வரும் கொசு உள்ளானின் பாரம் ஒரு கோழிமுட்டையின் பாதிதான் இருக்கும்.

இந்தப் பாதைக்கு மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று பெயர். அதன் தெற்கு முனையில் இருப்பது எங்கள் தீவு. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் சில பறவைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்திப் பார்த்தபோது, பெரிய கடற்காக்கைகள் அங்கிருந்து ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போய் வந்தது தெரியவந்தது. படிக்கும் காலத்தில் சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டை நாங்கள் எல்லோரும் பாடமாக்கியிருக்கிறோம். குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரையைத்தான் அந்தப் புலவர் தூது அனுப்பினார். பறவை தெற்கே வருவதும் வடக்கே மீள்வதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பனங்கிழங்கை உவமை சொல்லும் அளவுக்கு அதன் அலகைக் கிட்டப் பார்த்தும் இருந்தார். பாட்டைப் பாடமாக்கிய நாங்கள் பறவையைப் பார்க்கப் போனது ஐம்பது வயதில்.

மூன்றாவது வகை, வீட்டுக்காரர்கள். இவர்களைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

நெடுங்கால் உள்ளானை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். நீண்ட இளஞ்சிவப்புக் காலும் கறுப்புச் செட்டையுமாகப் பண்ணைப் பாலத்தில் பஸ் யன்னலால் பார்த்தாலே தெரியும். கோடையில் தண்ணீர் வற்றும் சேற்றில் சிறு மேடு கட்டி நாலு முட்டை இடும். கூட்டமாக வசிப்பதால், ஒரு நாய் எட்டிப் பார்த்தால் முழுக் குடியிருப்பும் எழுந்து கத்தும். சின்ன ஆலாவும் வெறும் மணலில்தான் முட்டையிடுகிறது. ஆட்காட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது எங்கே முட்டையிட்டது என்று கேட்கும் நாட்டுப்பாடலைத் தெரியாத பிள்ளை எங்கள் காலத்தில் இல்லை.

இவர்களிடையே ஆகச் சிறியதும், ஆகக் குறைவாகக் கவனிக்கப்பட்டதும் அந்த உப்புக்கொத்திதான். அளவில் ஊர்க்குருவி போல. மேலே மண் நிறம், கீழே வெள்ளை, கால் கறுப்பு. ஓடும், சடுதியாக நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, மண்ணோடு மண்ணாகிவிடும்.

இந்தப் பறவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1915 ஆம் ஆண்டு ஏர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட் என்ற பறவையியலாளரும் அனி ஜாக்சன் என்ற பெண்மணியும் சேர்ந்து இதைத் தனியாக விவரித்துப் பெயரிட்டார்கள். அனி ஜாக்சன் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தவர்; கரைப்பறவைகளின் இறகு மாற்றத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர். பெண்கள் விஞ்ஞானத்தில் இருந்ததே அரிதான காலம் அது. பிறகு 1930களில் இந்தப் பறவை, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரந்து வாழும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை மட்டுமே என்று முடிவாகி, தனிப்பெயரை இழந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2023 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது வேறு இனம்தான் என்று காட்டினார்கள். இரண்டும் பிரிந்து பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதாம். இப்போது அதன் பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இராமர் அணைப் பக்கத்துக் கரைகளில் வாழ்வதால் அந்தப் பெயர். வடக்கே பறந்து போகிற வழக்கம் இதற்கு இல்லை. உலகத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே இருக்கிறது.

அதாவது, அந்த ஐயா "ஒண்டுமில்லை" என்று சொன்ன இடத்தில் இருந்தது, லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போன எங்கள் பிள்ளைகள் அங்கே எவ்வளவு தேடினாலும் காணமுடியாத ஒரு பறவை.

அதன் கூடு என்பது கூடே அல்ல. காலடித் தடம் போல ஒரு குழி. ஓரத்தில் நாலு சிப்பித் துண்டு. உள்ளே புள்ளி போட்ட இரண்டு அல்லது மூன்று முட்டை. மாரியில் அந்த இடம் தண்ணீருக்கடியில் இருக்கும். எனவே கூடு வைப்பதற்கு அதற்குக் கிடைக்கும் காலம் கோடைதான். அடைகாத்தல் என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்று உயர்தர விலங்கியலில் படித்தோம். சோளக வெயிலில் கதை வேறு. மத்தியானத்தில் தாய்ப்பறவை முட்டைக்கு மேலே நிழல் பிடித்து நிற்கிறது. தண்ணீர் ஓரம் போய் வயிற்றிறகை நனைத்து வந்து ஈரத்தை முட்டைக்குக் கொடுக்கிறது. அந்த வேளையில் ஒரு மனுசர் கூட்டின் பக்கத்தில் நின்று படம் எடுத்தால், பறவை தூரத்தில் ஓடித் திரியும். முட்டை வெயிலில் அவியும். கூட்டில் யாரும் கை வைக்கவே தேவையில்லை, கிட்ட நின்றாலே போதும். அதனால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு கூடுகளை அண்டுவதில்லை என்பது எங்கள் குழுவின் கட்டாய விதி. கூடு இருக்கும் இடத்தின் பெயரையும் எங்கேயும் சொல்லமாட்டோம்; இந்த மலரிலும் போடமாட்டோம். மலர்க்குழுவினர் மன்னிக்க வேண்டும்.

கிட்டப் போனவர்களுக்கு அது ஆடும் நாடகத்தையும் சொல்ல வேண்டும். ஒரு செட்டை முறிந்ததுபோல நிலத்தில் இழுபட்டு, விழுந்து எழும்பி, உங்களுக்கு முன்னாலேயே நொண்டி ஓடும். பின்னால் போனால், கூட்டிலிருந்து நல்ல தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, சட்டென்று பறந்துவிடும். நாய் இதில் ஏமாறும். காகம் ஏமாறாது. ரக்ரர் சில்லும் ஏமாறாது.

சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு கரையில் இரண்டு கூடுகளைக் கண்டோம். அந்தத் தரவையில் பின்னேரங்களில் பெடியன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். வற்றிய ஏரி எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கு இயற்கை கொடுத்த மைதானம். அவர்களுக்கு வேறு இடமும் இல்லை. ஒரு கூடு பந்து ஓடும் பக்கத்தில், எல்லைக்கோட்டுக்குச் சற்று உள்ளே இருந்தது. என்ன செய்வது என்று எங்களுக்குள் நீண்ட வாதம். உரிய திணைக்களத்துக்கு அறிவிக்கலாம் என்றார் ஒருவர். கயிறு கட்டிப் பலகை நடலாம் என்றார் இன்னொருவர். பலகை நட்டால் முட்டை பார்க்க ஊரே வரும் என்றார் தாதி. கடைசியில் ஆசிரியைகள் இருவரும் நேரே பெடியன்களிடம் போனார்கள்.

"அன்ரி, இது எங்கட கிறவுண்ட்" என்றுதான் முதலில் பதில் வந்தது. உண்மைதானே. தொலைநோக்கியை அவர்களுடைய தலைவனின் கையில் கொடுத்து, இருபது மீற்றர் தூரத்திலிருந்து பார்க்கச் சொன்னோம். அவனுக்குப் பறவையைக் கண்டுபிடிக்கவே சிறிது நேரம் எடுத்தது. கண்டதும் "உதுவா? இவ்வளவு நாளும் உதில நிண்டதா?" என்றான். பிறகு ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். விக்கெட்டை ஐம்பது காலடி மேற்கே தள்ளிப் போட்டார்கள். அந்தப் பக்கம் அடித்தால் ஓட்டம் இல்லை என்று தாங்களே ஒரு சட்டமும் வைத்துக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிளில் கரையைக் குறுக்கறுத்து வருபவர்களைச் சுற்றிப் போகச் சொன்னதும் அவர்கள்தான். எங்களுடைய சொல்லைக் கேட்டிருக்கமாட்டாதவர்கள் இவர்களின் சொல்லைக் கேட்டார்கள்.

அந்தக் கூட்டில் மூன்று முட்டையும் பொரித்தன. குஞ்சு என்றால் தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவு, நீண்ட கால். பொரித்துச் சில மணித்தியாலத்தில் எழும்பி ஓடித் தானே இரை கொத்துகிறது. தாய் தகப்பன் ஊட்டுவதில்லை, காவல் மட்டும்தான். மற்றக் கூடு மனிதர் போகாத ஓர் ஓரத்தில், பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைக்கக்கூடிய இடத்தில் இருந்தது. இரண்டாம் கிழமை போனபோது அங்கே கூடு இருந்த இடமே இல்லை. கட்டட இடிபாடும் குப்பையும் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து கொட்டப்பட்டிருந்தன. யார் கொட்டியது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. கேட்டபோது கிடைத்த பதிலை மட்டும் சொல்கிறோம்: "அது ஒண்டுக்கும் உதவாத நிலம்தானே."

குப்பை வந்த இடத்துக்குக் காகமும் கட்டாக்காலி நாயும் வரும். அவை வந்த பிறகு சுற்றியுள்ள பரப்பிலும் முட்டை தப்பாது. ஒரு சுமை குப்பையால் அழிவது அது மூடிய நிலம் மட்டும் அல்ல என்பதை இந்த இரண்டு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவானது. மன்னாரில் வங்காலை 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இவை பெரிய காரியங்கள். ஆனால் உப்புக்கொத்தி வரைபடம் பார்த்து முட்டையிடுவதில்லை. எல்லைக்கு வெளியே, எங்கள் ஊர்களின் பின்பக்கத்தில், வீதிக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட துண்டுகளில்தான் பல கூடுகள் இருக்கின்றன. அந்தத் துண்டுகளை ஜனவரியில் கணக்கெடுக்க வருபவர்கள் தண்ணீராகத்தான் காண்பார்கள். அங்கே கோடையில் யார் குடியிருந்தார் என்பதற்குப் பதிவு வேண்டுமானால், கோடையில் அங்கே இருப்பவர்கள்தான் எழுதவேண்டும். அதாவது நாங்கள்.

நன்னீர்ப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். கோடையில் வற்றிவரும் குளங்களில் மீன் ஒரு மூலையில் ஒதுங்கும்; அங்கே நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் பந்திக்கு வந்ததுபோலக் கூடும். தாமரைக் குளங்களில் நீளவால் இலைக்கோழியைப் பாருங்கள். மாரியில் வால் கட்டையாகத் திரிந்த பறவை, இனப்பெருக்க காலத்தில் கறுப்பு நீள்வாலும் பொன்நிறப் பிடரியுமாக வேறு பிறவி எடுத்திருக்கும். இதில் பெண் பறவை முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். மிதக்கும் கூட்டில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். மயில் உள்ளானிலும் அப்படித்தான். அழகிய நிறம் பெண்ணுக்கு, அடைகாக்கும் வேலை ஆணுக்கு. எங்கள் வீட்டு ஆண்களைக் கூட்டிப்போய்க் காட்டினோம். "நல்ல பறவை" என்றார்கள், வேறு கருத்துச் சொல்லவில்லை.

எங்கள் வயதுக்காரர் பலருக்கு ஏரி என்றால் மனதில் வருவது பறவை அல்ல என்பதை நாங்கள் மறக்கவில்லை. தொண்ணூறுகளில் கிளாலியால் இரவில் படகில் கடந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். தொலைநோக்கி வைத்திருப்பதே வில்லங்கமாக இருந்த காலத்தைக் கடந்துதான் வந்திருக்கிறோம். எங்களில் ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தண்ணீரைப் பார்ப்பதையே தவிர்த்தவர். இன்று எங்கள் பதிவேட்டை எழுதுபவர் அவர். ஏன் வருகிறீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கண்ணிவெடி அகற்றப்படாத எச்சரிக்கை உள்ள இடங்களுக்கு மட்டும் எவ்வளவு நல்ல பறவை என்றாலும் போவதில்லை. பாதையை விட்டு இறங்குவதும் இல்லை.

வரவிரும்பும் தங்கைமாருக்குச் சில நடைமுறைகள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். சோளகத்தில் பறவைகள் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். எனவே காற்றின் திசையை முதலில் பாருங்கள். எங்கள் ஏரியில் வற்றுப்பெருக்குக் குறைவு. தண்ணீரை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தள்ளுவது காற்றுத்தான். நேற்றுச் சேறாக இருந்த இடம் இன்று முழங்கால் தண்ணீராக இருக்கலாம், பறவையும் அதற்கேற்ப இடம் மாறியிருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லா உள்ளானுக்கும் உடனே பெயர் தேடுகிறார்கள். வேண்டாம். முதலாம் கோடையில் ஐந்து பறவையைத் திருத்தமாகப் பழகினால் போதும்: நெடுங்கால் உள்ளான், ஆட்காட்டி, சின்ன ஆலா, பவளக்கால் உள்ளான், உப்புக்கொத்தி. மற்றவை இந்த ஐந்தோடு ஒப்பிடத் தாமாகவே பிடிபடும். ஓகஸ்ட்டில் மணல் உப்புக்கொத்திகள் திபெத்து மேட்டுநிலப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் உப்புக்கொத்தியோடு கலந்து நிற்கும்போது, எது விருந்தாளி, எது வீட்டுக்காரர் என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

விலையான கருவி தேவையில்லை. எட்டு மடங்கு பெருக்கும் ஒரு சாதாரண தொலைநோக்கியை ஏழு பேரும் மாறி மாறிப் பார்த்துத்தான் தொடங்கினோம். திகதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, கூடு இருந்ததா, அதற்கு என்ன நடந்தது என்று எழுத ஒரு கொப்பி மட்டும் கட்டாயம் வேண்டும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு எதைக் கொடுப்பது என்று குழு ஆலோசித்துவருகிறது. கட்டடத்துக்கும் மணிக்கூண்டுக்கும் நாங்கள் எதிரிகள் அல்லர். அதோடு கூட, விஞ்ஞான மன்றத்துக்கு நாலு தொலைநோக்கிகளும், நூலகத்தில் ஒரு தடித்த பதிவேடும் வாங்கித் தாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் சித்திரை விடுமுறையிலும் ஓகஸ்ட் விடுமுறையிலும் மாணவிகள் ஒரே கரையை எண்ணட்டும். எங்கள் இரண்டு ஆண்டுக் கொப்பிகளை அந்தப் பதிவேட்டின் முதற் பக்கங்களாகக் கொடுக்கிறோம். "ஒண்டுக்கும் உதவாத நிலம்" என்று ஒருவர் எழுதிக்கொடுக்கும் நாளில், பதிலுக்கு வைக்க எங்களிடமும் எழுதியது ஒன்று இருக்கவேண்டும்.

ஓகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை அடுத்த பயணம். காலை 5.30 மணிக்குக் கல்லூரிப் பின்வாசலில் புறப்பாடு. மண் நிற உடுப்பு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பழைய சப்பாத்து. குடை வேண்டாம், பறவை பயப்படும், சோளகமும் அதைப் பறித்துக்கொண்டு போய்விடும். ஓட்டோ ஒழுங்கு செய்யவேண்டியிருப்பதால் வருபவர்கள் வியாழக்கிழமைக்கு முன்னர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். விக்கெட்டைத் தள்ளிப் போட்ட பெடியன்களில் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; மகளிர் கல்லூரி வாசலில் நிற்க வெட்கமாம், கரையில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.